சாவி கொடுத்தவர் மீது வழக்கு

அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, பல ஆண்டுகளுக்கு முன் கடையில் விலை கொடுத்து வாங்கிய ஆவணப்பட டிவிடி ஒன்று கையில் கிடைத்தது. என் கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். தட்டைப் போட்டதும் முகப்புப் பட்டியல் ஒழுங்காக வந்தது, பின்னணி இசையும் கேட்டது. படத்தைத் தொடங்கிய மறுகணம் திரை முழுவதும் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சதுரக் கட்டங்கள் சிதறி ஓடின. தட்டில் கீறல் இல்லை. படத்தை ஓட்டும் ஒளிப்பானிலும் பழுதில்லை. படம் பூட்டப்பட்டிருந்தது, அதைத் திறக்கும் நிரல் என் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நிரலின் பெயர் லிப்டிவிடிசிஎஸ்எஸ். டெபியனின் களஞ்சியத்தில் பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகள் உடனே நிறுவும் நிலையில் கிடைக்கின்றன. இது மட்டும் அப்படிக் கிடைக்காது. அதற்குப் பதிலாக லிப்டிவிடி-பிகேஜி என்ற சிறிய தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவினால் திரையில் ஒரு பெட்டி தோன்றி, லிப்டிவிடிசிஎஸ்எஸ்ஸின் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, வீடியோலேன் என்ற ஒளிப்பான் திட்டத்தின் தளத்திலிருந்து தரவிறக்கி உங்கள் கணினியிலேயே உருவாக்கித் தருவேன், ஆனால் அந்த வேலையை நீங்களே ஒரு கட்டளையிட்டுத் தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. கட்டளையைத் தட்டினேன். வரிவரியாக எழுத்துகள் ஓடி நின்றன. பிறகு படம் தெளிவாக ஓடியது.

சரக்கை நேரே கையில் கொடுக்காமல், அது கிடைக்கும் இடத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து, 'நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அனுப்பும் ஏற்பாடு இது. உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய திட்டம் ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது? இதற்குப் பின்னால் கால் நூற்றாண்டு வழக்குகள் இருக்கின்றன. அந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி, திருட்டுப் பிரதி எடுத்தவர் யார் என்பதன்று. பூட்டைத் திறக்கும் கருவியைக் கொடுத்தவர் யார் என்பதே.

முதலில் பூட்டைப் பார்த்துவிடலாம். டிவிடி 1996-இல் சந்தைக்கு வந்தபோது, திரைப்பட நிறுவனங்களின் வற்புறுத்தலால் அதில் சிஎஸ்எஸ் என்ற மறையாக்க முறை சேர்க்கப்பட்டது. படத்தின் தரவு ஒரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவி, தட்டுக்கே உரிய இன்னொரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் தட்டுச் சாவி 409 வெவ்வேறு ஒளிப்பான் சாவிகளால் தனித்தனியே பூட்டப்பட்டு, 409 பிரதிகளாகத் தட்டிலேயே பதிந்திருக்கும். உரிமம் பெற்ற ஒவ்வோர் ஒளிப்பான் தயாரிப்பாளருக்கும் அந்த 409-இல் ஒரு சாவி தரப்படும். சாவியின் நீளம் 40 பிட். அதற்கு மேல் வலிமையுள்ள மறையாக்கத்தை ஏற்றுமதி செய்வதற்கு அமெரிக்கா அன்று விதித்திருந்த கட்டுப்பாடுதான் காரணம். 40 பிட் என்றால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் சிஎஸ்எஸ் வடிவமைப்பில் இருந்த ஓட்டைகளை ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் 1999-இல் அலசிக் காட்டிய பிறகு, ஒரு சாதாரண வீட்டுக் கணினி நொடிக்கணக்கில் தட்டுச் சாவியைக் கண்டுபிடிக்கக்கூடிய நிலை வந்தது.

இந்தப் பூட்டு, திருட்டுப் பிரதி அச்சடிக்கும் ஆலையை ஒரு நாளும் தடுத்ததில்லை. தட்டில் உள்ளதை ஒரு பிட் விடாமல் அப்படியே அச்சடித்தால் பூட்டும் சாவிகளும் சேர்ந்தே பிரதியாகும். எந்த ஒளிப்பானிலும் அது ஓடும். வீட்டில் எழுதும் வெற்றுத் தட்டுகளில்தான் சாவி பதியும் பகுதி முன்கூட்டியே அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே பூட்டு மறித்தது வீட்டுப் பிரதியை. அதைவிட முக்கியமாக, உரிமம் பெறாத ஒளிப்பானை. வட்டாரக் குறியீடும் அதே உரிமத்தின் வழியாகத்தான் ஒளிப்பான்களின் மீது திணிக்கப்பட்டது. இந்தியாவுக்கு 5, ஐரோப்பாவுக்கு 2, அமெரிக்காவுக்கு 1. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினர் அங்குள்ள கடையில் வாங்கி அன்போடு அனுப்பிய தட்டு இங்கே ஓடாமல் போன அனுபவம் பல வீடுகளில் உண்டு.

உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று, சாவியையும் சூத்திரத்தையும் வெளியே தெரியாமல் காக்க வேண்டும் என்பது. கட்டற்ற மென்பொருளின் அடிப்படையோ மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது. மூலநிரலைத் திறந்து வைத்துவிட்டு அதற்குள் ஒரு சாவியை ஒளித்து வைக்க வழியே இல்லை. உரிமக் கட்டணத்தை யாராவது தர்மமாகக் கட்டிவிட்டாலும்கூட ஒரு திறந்த மூல ஒளிப்பான் அந்த நிபந்தனைக்கு உட்பட முடியாது. லினக்ஸ் பயனர்கள் சோம்பேறித்தனத்தால் உரிமம் வாங்கவில்லை என்று சிலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். வாங்குவதற்கான வாசலே அவர்களுக்கு இருக்கவில்லை.

1999 அக்டோபரில் சிஎஸ்எஸ் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் இணையத்தில் வெளியானது. உரிமம் பெற்ற ஜிங் என்ற மென்பொருள் ஒளிப்பான் தன் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டிருந்தது. அதன் உள்ளமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் சூத்திரத்தையும் சாவியையும் கண்டுகொண்டார்கள். மூவர் சேர்ந்து செய்த வேலை அது. பெயர் வெளியே தெரிந்தவர் ஒருவர்தான். நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன், அப்போது அவருக்கு வயது 15. 2000 ஜனவரியில் அந்நாட்டுப் பொருளாதாரக் குற்றப் பிரிவினர் அவர் வீட்டைச் சோதனையிட்டார்கள்.

அவர் மீது சுமத்தப்பட்ட பிரிவு 145 பதிப்புரிமை பற்றியதே அன்று. அடுத்தவருடைய தரவைப் பாதுகாப்பை உடைத்துப் பார்ப்பதைத் தண்டிக்கும் பிரிவு அது, பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு ஒப்பான குற்றம். ஓஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரி 7 அன்று அவரை விடுவித்தது. தான் காசு கொடுத்து வாங்கிய படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, தனக்கு உரிமையுள்ள ஒன்றைத் திறப்பது அடுத்தவர் தரவை உடைப்பதாகாது என்பது தீர்ப்பின் சாரம். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 22-இல் மேல் நீதிமன்றமும் விடுவித்தது. அடுத்த மாதம் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. பதினைந்து வயதில் எழுதிய நிரலுக்காக இருபது வயது வரை ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவராகவோ சந்தேகத்துக்கு உரியவராகவோ வாழ நேர்ந்தது. தீர்ப்பின் இனிப்பைப் பேசுகிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை வேறு விதமாகப் போனது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996 பதிப்புரிமை உடன்படிக்கை, படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. எப்படித் தருவது என்பதை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது. அமெரிக்கா 1998 அக்டோபரில் டிஎம்சிஏ எனப்படும் சட்டத்தை இயற்றியது. அதன் 1201-ஆம் பிரிவு இரண்டு தனித்தனித் தடைகளை வைத்தது. பூட்டை உடைக்கும் செயல் ஒரு தடை. உடைக்கும் கருவியைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் பொதுமக்களுக்கு வழங்குவதும் இன்னொரு தடை. கருவி என்றால் எது என்பதற்கு மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன: பூட்டை உடைப்பதற்கென்றே முதன்மையாக உருவாக்கப்பட்டதா, அதைத் தவிர வணிக முக்கியத்துவமுள்ள பயன் அதற்குச் சொற்பம்தானா, உடைப்பதற்காகவே விளம்பரப்படுத்தப்பட்டதா. மூன்றில் ஒன்று பொருந்தினாலே போதும்.

இந்த இரண்டாம் தடையின் கீழ்தான் எட்டுப் பெரிய திரைப்பட நிறுவனங்கள் 2000 ஜனவரியில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. எதிர்த்தரப்பில் முக்கியமானவர் 2600 என்ற கணினி ஆர்வலர் இதழை நடத்திய எரிக் கார்லி. அவர் டிசிஎஸ்எஸ்ஸை எழுதியவரல்லர். தன் இதழின் தளத்தில் செய்தியோடு சேர்த்து நிரலையும் வெளியிட்டவர். இடைக்காலத் தடை வந்ததும் நிரலை எடுத்துவிட்டு, அதை வைத்திருந்த பிற தளங்களுக்கு இணைப்புக் கொடுத்தார். நீதிபதி லூயிஸ் கேப்லன் 2000 ஆகஸ்ட் 17-இல் அளித்த தீர்ப்பில் இரண்டையுமே தடுத்தார். நிரலை வைத்திருப்பது கூடாது, அது கிடைக்குமிடம் என்று தெரிந்தே அதைப் பரப்பும் நோக்கில் இணைப்புக் கொடுப்பதும் கூடாது.

தீர்ப்பில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒருவர் டிசிஎஸ்எஸ்ஸைக் கொண்டு ஒரு படத்தைத் திறந்து இணையத்தில் அனுப்பினார் என்பதற்கு நேரடிச் சான்று எதையும் நிறுவனங்கள் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கருவி வழங்கப்பட்டது என்பதே சட்டத்துக்குப் போதும். கத்தி விற்றவரைக் கொலை வழக்கில் சேர்க்க வேண்டுமானால் கொலை ஒன்று நடந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கே அந்தப் படி தாண்டப்பட்டுவிட்டது.

லினக்ஸுக்கான ஒளிப்பானை உருவாக்கவே இது எழுதப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பிற மென்பொருளுடன் ஒத்தியங்குவதற்காகப் பிரித்துப் பார்ப்பதை 1201-ஆம் பிரிவே ஓர் உட்பிரிவில் அனுமதிக்கிறது. ஆனால் டிசிஎஸ்எஸ் விண்டோஸில் ஓடிய நிரல். அன்றைய லினக்ஸால் டிவிடியின் கோப்பு அமைப்பைப் படிக்க முடியாததால் முதலில் விண்டோஸில் எழுத வேண்டியிருந்தது என்ற விளக்கத்தை நீதிபதி ஏற்கவில்லை. அந்த விலக்கு ஆய்வு செய்தவருக்கு உரியது, செய்தி வெளியிடுகிறவர் அதைக் கேட்க முடியாது என்றும் கூறிவிட்டார்.

பேச்சுரிமை வாதம் இன்னும் ஆழமானது. மூலநிரல் என்பது மனிதர் எழுதி மனிதர் படிக்கும் எழுத்து. அதைத் தடை செய்வது கட்டுரையைத் தடை செய்வதாகாதா? கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் டேவிட் டுரெட்ஸ்கி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவர் ஒரே சூத்திரத்தின் பல வடிவங்களைத் திரட்டித் தம் இணையப் பக்கத்தில் காட்சிக்கு வைத்தார். அங்கே சி மொழி நிரல் இருந்தது, அதையே சாதாரண வாக்கியங்களில் விவரித்த விளக்கம் இருந்தது, ஹைக்கூ வடிவில் ஒருவர் எழுதிய நீண்ட கவிதையும் இருந்தது. இவற்றில் எந்த இடத்தில் பேச்சு முடிந்து கருவி தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுங்கள் என்பது அவர் விடுத்த சவால். ஃபில் கார்மடி என்ற கணித ஆர்வலர் 2001-இல் அந்த நிரலையே ஒரு பகா எண்ணாக எழுதிக் காட்டினார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 நவம்பர் 28-இல் கார்லியின் மனுவை நிராகரித்தது. நிரலும் பேச்சுதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அது பேச்சாக இருப்பதோடு ஒரு செயலையும் செய்கிறது, சட்டம் கட்டுப்படுத்துவது அந்தச் செயலைத்தான் என்றது. நியாயமான பயன்பாட்டுக்குத் தடை வருகிறதே என்ற கேள்விக்கு, விரும்பிய வடிவத்திலேயே பிரதி கிடைக்க வேண்டும் என்ற உரிமை யாருக்கும் இல்லை, திரையில் ஓடும் படத்தை எதிரே கேமரா வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற பொருளில் பதில் சொன்னது. திரைப்படத்தைப் பாடமாக நடத்தும் ஓர் ஆசிரியருக்கு, மாணவர்கள் முன் ஒளியமைப்பை விளக்க வேண்டியவருக்கு, இந்தப் பதில் எவ்வளவு அந்நியமாக ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு வழக்கை வேகமாகச் சொல்லிவிடலாம். சிஎஸ்எஸ் உரிமத்தை நிர்வகிக்கும் அமைப்பு, தொழில் ரகசியம் களவாடப்பட்டது என்று 1999 டிசம்பரிலேயே வழக்குப் போட்டது. நிரலை அச்சிட்ட டி-சட்டை விற்ற நிறுவனமும் அதில் எதிர்த்தரப்பில் சேர்க்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உலகமே அறிந்துவிட்ட ஒன்று இனி ரகசியமாகாது என்று தடையை நீக்கியது. ஆனால் அது தொழில் ரகசியச் சட்டத்தின் கீழ் கிடைத்த விடுதலை. டிஎம்சிஏவின் தடை அப்படியே நின்றது.

அமெரிக்கச் சட்டத்தில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை காங்கிரஸ் நூலகர், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர், சில விலக்குகளை அறிவிக்கிறார். 2006-இல் திரைப்படத் துறைப் பேராசிரியர்கள் வகுப்பில் காட்டுவதற்காகக் கல்லூரி நூலகத்து டிவிடிகளிலிருந்து துண்டுகளைத் தொகுக்கப் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்குக் கிடைத்தது. நல்ல செய்தி. ஆனால் இந்த விலக்குகள் திறக்கும் செயலுக்கு மட்டுமே பொருந்தும், கருவி வழங்கும் தடையைத் தொடவே தொடா. பேராசிரியர் திறக்கலாம். திறக்கும் நிரலை அவருக்கு எழுதிக் கொடுத்தவர் சட்டத்தை மீறியவர். எல்லாப் பேராசிரியர்களும் மறையாக்கக் கணிதம் கற்று, தமக்கு வேண்டிய நிரலைத் தாமே எழுதிக்கொள்வார்கள் என்று சட்டம் எதிர்பார்ப்பதுபோல் இருக்கிறது.

சிறைத் தண்டனை, தெரிந்தே வணிக லாபத்துக்காகச் செய்தவருக்கு மட்டும். முதல் முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம். இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வலரை அது எட்டாது. உரிமையியல் வழக்கு எட்டும். ஒவ்வொரு கருவிக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை இழப்பீடு விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. லட்சக்கணக்கான முறை தரவிறக்கப்படும் ஒரு தொகுப்பை எந்த எண்ணால் பெருக்குவது என்று ஒரு வழக்கறிஞர் கணக்குப் போடத் தொடங்கினால், சந்தா வாங்காமல் நடக்கும் எந்தத் திட்டமும் நடுங்கத்தான் செய்யும்.

அந்த நடுக்கத்தின் தடம்தான் என் திரையில் தோன்றிய அந்தப் பெட்டி. டெபியன் நிரலைத் தன் களஞ்சியத்தில் வைக்கவில்லை. அதை எடுத்து வரும் வழியை மட்டும் வைத்தது. இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா அதையும் செய்யவில்லை. அதன் பயனர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக்களஞ்சியத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் இது 'கறைபட்டது' என்று பொருள்படும் தனிப் பிரிவில் இருக்கிறது. மூலநிரலோ பிரான்ஸில் இருக்கிறது. பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வீடியோலேன் திட்டம், 2001 முதல் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்து, இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் விஎல்சி ஒளிப்பானைத் தந்திருக்கிறது. ஒளிப்பானையும் பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நிரல்தொகுதியையும் அவர்கள் இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான பிரெஞ்சு அரசவை மன்றம் 2008 ஜூலை 16-இல் ஒத்தியங்குதல் பற்றி அளித்த தீர்ப்பைத் தங்கள் சட்ட விளக்கத்தில் எண்ணோடு சுட்டி, இந்த முறை அனுமதிக்கப்பட்டது என்று பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒளிந்துகொள்ளவில்லை.

டிவிடிக்கு அடுத்து ப்ளூ-ரே தட்டு வந்தபோது இன்னும் நுட்பமாக ஒதுங்கினார்கள். 2007-இல் அதன் மறையாக்கச் சாவி ஒன்று வெளியே கசிந்து, டிக் என்ற செய்தித் தளத்தில் அந்தப் பதினாறு இலக்கச் சோடிகளை நீக்க நீக்கப் பயனர்கள் மீண்டும் மீண்டும் ஒட்டினார்கள். வீடியோலேன் எழுதிய லிப்ஏஏசிஎஸ் நிரல்தொகுதியில் சூத்திரம் இருக்கிறது, சாவி ஒன்றுகூட இல்லை. சாவியைப் பயனர்தான் கொண்டுவர வேண்டும்.

சாவியைச் சேர்க்காமல் விடுவது எப்போதும் காப்பாற்றுமா? விளையாட்டுக் கருவி நிறுவனமான நின்டெண்டோ தொடர்பான இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பழைய விளையாட்டுக் கருவிகள் செய்வதைக் கணினியில் செய்து காட்டும் டால்பின் என்ற திறந்த மூல நிரல், 2023-இல் ஸ்டீம் விற்பனைத் தளத்துக்கு வரவிருந்தது. அதன் மூலநிரலுக்குள் நின்டெண்டோவின் வீ கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சாவி ஆண்டுக்கணக்கில் இருந்தது. நின்டெண்டோவின் எதிர்ப்புக்குப் பின் ஸ்டீம் வெளியீடு நின்றது, நிரல் தன் சொந்தத் தளத்தில் தொடர்கிறது. மாறாக அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவிக்கான, அதே வகையைச் சேர்ந்த யூசு நிரலில் சாவி இல்லை. உங்கள் சொந்தக் கருவியிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னது. 2024 பிப்ரவரி 26-இல் வழக்கு வந்தது. மார்ச் 4-இல் 24 லட்சம் டாலருக்குச் சமரசமாகி, யூசு மூடப்பட்டது.

சாவி வைத்திருந்தவர் நிலைக்க, வைக்காதவர் மூடியது முரணாகத் தோன்றலாம். யூசு குழுவினர் மாதாமாதம் ஆதரவாளர்களிடம் பணம் பெற்றார்கள், சாவியை எடுக்கும் வழிமுறையை விளக்கினார்கள், சந்தையில் அன்று விற்பனையில் இருந்த விளையாட்டுகளை அது ஓட்டியது. மூன்று அளவுகோல்களில் மூன்றாவதான விளம்பரப்படுத்தல் இங்கே கனமாக விழுகிறது. நிரலின் வரிகளைவிட அதைச் சுற்றி எழுதும் சொற்களே வழக்கறிஞர் கையில் முதல் சான்றாகின்றன.

2020-இல் யூடியூப் காணொளிகளைத் தரவிறக்கும் யூடியூப்-டிஎல் நிரலின் விஷயத்திலும் இதுவே நடந்தது. அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அனுப்பிய கடிதத்தின்பேரில், மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் அந்த நிரலை அகற்றியது. யூடியூப் தன் காணொளி முகவரியை உருவாக்கப் பயன்படுத்தும் சிறு கணக்கு ஒரு பூட்டு, அதை இந்த நிரல் உடைக்கிறது என்பது குற்றச்சாட்டு. கடிதம் சுட்டிக்காட்டிய இன்னொன்று, நிரல் சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பதற்காக மூலநிரலில் எழுதப்பட்டிருந்த முகவரிகள். அவற்றில் டெய்லர் ஸ்விஃப்ட், ஜஸ்டின் டிம்பர்லேக் போன்றோரின் பாடல் காணொளிகள் இருந்தன. சோதனைக்காக எழுதப்பட்ட சில வரிகள், 'இதற்காகத்தான் இந்தக் கருவி' என்பதற்குச் சாட்சியாக்கப்பட்டன. திறந்த மூலத்தில் எதுவும் மறைவதில்லை என்பதன் இன்னொரு முகம் இது.

இணைய உரிமைகளுக்காக வாதாடும் மின்னணு எல்லை அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் பதில் எழுதினார்கள். யூடியூப் அனுப்பும் அந்தக் கணக்கை எல்லா உலாவிகளும் செய்கின்றன, இந்த நிரலும் உலாவி செய்வதையே செய்கிறது, ரகசியச் சாவி எதுவும் இதில் இல்லை என்பது வாதம். சர்ச்சைக்குரிய சோதனை வரிகளும் நீக்கப்பட்டன. நவம்பர் 16-இல் கிட்ஹப் நிரலைத் திரும்ப வைத்தது. இனி இப்படிப்பட்ட புகார்களைத் தொழில்நுட்ப வல்லுநரும் வழக்கறிஞரும் பரிசீலித்த பிறகே முடிவெடுப்போம் என்று அறிவித்ததோடு, நிரலாளர்களின் சட்டச் செலவுக்கு 10 லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. பணபலமுள்ள ஒரு நிறுவனம் பக்கம் நின்றதால் மூன்றரை வாரத்தில் முடிந்தது. ஜெர்மனியில் யூபர்ஸ்பேஸ் என்ற சிறிய நிறுவனம் அதே நிரலின் அறிமுகப் பக்கத்துக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தது, நிரலோ கிட்ஹப்பில் இருந்தது. மூன்று பெரிய இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2023 மார்ச்சில் ஹாம்பர்க் நீதிமன்றம் அந்தச் சிறிய நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தியச் சட்டம் வேறு பாதையில் போயிருக்கிறது. நம் வாசகர்கள் அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கும் அதுவே சட்டம் என்று நினைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல்தான் இங்கே உயிர். கருவி வழங்குவதை அமெரிக்கா போலத் தனிக் குற்றமாக இந்தியா வைக்கவில்லை. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகத் திறப்பது குற்றமாகாது. சட்டப்படி பெற்ற பிரதியை வைத்து மறையாக்க ஆய்வு செய்வதும், பயனரைக் கண்காணிக்கவோ அடையாளம் காணவோ வைத்த பூட்டைத் தாண்டுவதும் விலக்குகளில் பெயரோடு இருக்கின்றன. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றுவதற்கு அதே திருத்தம் 52-ஆம் பிரிவில் தனி அனுமதி தந்தது. அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதலாவதாக ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். பூட்டப்பட்ட மின்னூலைத் திரைவாசிப்பான் படிக்க முடியாமல் தவிக்கும் மாணவருக்கு இந்த இரண்டு பிரிவுகளும் சேர்ந்துதான் வழி விடுகின்றன. இது நம் சட்டமியற்றியோர் செய்த நல்ல காரியம், மனமாரச் சொல்ல வேண்டியது.

ஆனால் அதே 65ஏ-வில் ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அந்த இன்னொருவரின் பெயர், முகவரி, தொடர்புடைய விவரங்கள் அனைத்தையும், எதற்காக உதவினார் என்பதையும் முழுமையாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். தெருவில் மாற்றுச் சாவி செய்து கொடுப்பவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. எதிரே வந்து நிற்கும் மனிதருக்குச் சாவி செய்பவரால் அது முடியும். மதுரையிலிருந்து ஒருவர் மூலநிரலை ஒரு தளத்தில் ஏற்றிவைக்கிறார். அதை எடுத்துக்கொள்கிறவர் பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல், ஒரு கட்டளையில் எடுத்துப் போய்விடுகிறார். நான் வீடியோலேனிலிருந்து எடுத்தபோதும் என் பெயரை யாரும் கேட்கவில்லை. எடுப்பவரை அடையாளம் கேட்டுப் பதிவு செய்த பின்பே கொடுக்கும் மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்ற பெயரோடு எந்தக் களஞ்சியத்திலும் நிற்க முடியாது. டெபியன் தன் புதிய பதிப்பை இந்தியாவுக்கென்று தனியாக வெட்டித் தைப்பதுமில்லை. எங்கே சட்டம் கடுமையோ அந்த நாட்டுக்கு ஏற்பத்தான் உலகம் முழுவதற்கும் ஒரே களஞ்சியம். நியூயார்க் தீர்ப்பு என் வீட்டுக் கணினியில் ஒரு பெட்டியாக வந்து நிற்பது அந்த வழியில்தான்.